கோல்வின் துறையின் பாட்டு பின்னோக்கிப் போன பதினைந்து நாள்

வடக்கே ஒஹையோவும் தெற்கே கெண்டக்கியும் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க, நடுவில் அகலமாக, பழுப்பாக, அவசரமில்லாமல் ஓடுகிற ஆற்றின் வடகரையில் கோல்வின் துறை என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊருக்குள் எந்தப் பக்கமிருந்து நுழைந்தாலும் 'நாடு பாடும் பாட்டு பிறந்த ஊர்' என்று எழுதிய பச்சைப் பலகை ஒன்று வண்டியை வழிமறிப்பதுபோல் நிற்கும், மளிகைக்கடைப் பையிலும் தீயணைப்பு வண்டியின் கதவிலும் பல் டாக்டரின் வாசலிலும் அதே பாட்டின் முதல் வரி எழுதியிருக்கும், அங்கே பிறக்கிற பிள்ளைகள் அம்மா என்று சொல்வதற்கு முன்பே அதன் மெட்டில் அழுவார்கள் என்று ஊர்க்காரர்கள் சிரிக்காமல் சொல்வார்கள்.

'எங்கள் கரையில் விளக்கு எரிகிறது, வழி தவறியவரே வாருங்கள்' என்பது அந்த முதல் வரி. நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் ஜொசையா விட்கம் என்ற வக்கீல், குன்றின்மேல் இருக்கும் தன் வீட்டு ஜன்னலில் விளக்கு ஏற்றி வைத்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் வரிகளும் மெட்டுமாக அதை எழுதினார் என்பது ஊரின் வரலாறு. பள்ளிக்கூடங்களில் பாடினார்கள், போருக்குப் போனவர்கள் பாடினார்கள், திரும்பி வராதவர்களுக்காகவும் அதையே பாடினார்கள், ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதியும் ஆற்றங்கரையில் மேடை போட்டு ஊரே சேர்ந்து பாடிற்று.

அந்த வருஷம் பாட்டை நடத்தும் கோல் எப்சிபாவின் கைக்கு வந்திருந்தது. எப்சிபா பாளையங்கோட்டைக்காரி. கணவன் ஜெயசிங்குக்கு ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை கிடைத்துப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் வந்தவள், வந்த மூன்றாம் வாரமே மெத்தடிஸ்ட் கோயிலில் ஆர்கன் வாசிக்க உட்கார்ந்தவள், ஒருமுறை கேட்டதை மறக்காத காதுடையவள். பழைய நடத்துநர் முழங்கால் சிகிச்சைக்குப் போனதும் விழாக்குழுவில் மூன்று கூட்டம் நடந்தது. அவள் உச்சரிப்பு நம் பாட்டுக்கு ஒத்து வருமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். குழுவின் தலைவியும் ஜொசையாவின் கொள்ளுப்பேத்தியுமான மார்ஜரி விட்கம், எழுபத்தாறு வயதுக்காரி, கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "நடத்துறவ பாடப் போறதில்ல, கையைத்தானே ஆட்டப் போறா" என்று முடித்துவைத்தாள். அது ஆதரவா அவமானமா என்று எப்சிபாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கோலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி முன்னால் நின்று நாலு நாள் கையை ஆட்டிப் பார்த்தாள்.

ஜூன் இருபதாம் தேதி சனிக்கிழமை முதல் ஒத்திகை. புழுக்கத்துக்காகக் கோயிலின் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துப் பாடி, கடைசி வரியை நீட்டி நிறுத்தி, அவள் கோலை இறக்கியபோது மணி நாலரை. அப்போது அவர்கள் பாடி முடித்த அதே பாட்டு, அதே பித்தளை வாத்தியங்களோடு, ஆற்றின் நடுவிலிருந்து திரும்ப வந்தது. எதிரொலி என்றார் ஒருவர். எதிரொலி இரண்டாம் சரணத்தில் மூச்சு வாங்காது என்றாள் எப்சிபா. படகு எதுவும் இல்லை, கரையில் ஒலிபெருக்கி எதுவும் இல்லை, தண்ணீர் பாடிற்று, முடித்தது, பேசாமல் ஓடிற்று. பாடகர் குழுவும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது.

மறுநாள் நாலரைக்கு வந்தது அதே பாட்டுத்தான், ஆனால் பழைய ரேடியோவில் கேட்பதுபோல் மெல்லிய குரல்களில், பாட்டிகளெல்லாம் இளம்பெண்களாக இருந்த காலத்து ராகத்தில். அதற்கு அடுத்த நாள் அணிவகுப்பின் கதியில், பூட்ஸ் சத்தத்தோடு வந்தது. அதற்கும் அடுத்த நாள் வெண்கல மணி அடித்து ஒரு வகுப்பறைப் பிள்ளைகள் பாடினார்கள். பாட்டு ஒவ்வொரு நாளும் ஒரு படி பழையதாகிக்கொண்டு போகிறது என்பதை ஊர் நாலாம் நாளே புரிந்துகொண்டது. புரிந்த பிறகு அதைப் பற்றி யாரும் அதிகம் வியக்கவில்லை, ஏனென்றால் வியப்பதைவிட நாற்காலி கொண்டுபோய் நல்ல இடம் பிடிப்பது முக்கியமாக இருந்தது.

கரையில் மடக்கு நாற்காலிகள் வரிசையாக விழுந்தன. ஐஸ்கிரீம் வண்டி தன் மணியை நாலேகாலுக்கே நிறுத்திக்கொண்டது. வங்கியில் நாலரையிலிருந்து பத்து நிமிஷம் இடைவேளை விட்டார்கள், ஊர்ப் பத்திரிகை மழை வெயில் கட்டத்துக்குப் பக்கத்தில் 'இன்றைய ஆற்றுப் பாட்டு, உத்தேச ஆண்டு' என்று ஒரு கட்டம் போட்டது, ஜெயசிங்கின் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் தங்கள் இயந்திரத்தை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்டார்கள், இருபது வருஷமாகக் காது கேட்காத இரும்புக்கடைக்காரர் தனக்கும் கேட்கிறது என்று சொல்லிவிட்டு, பாட்டு முடிந்ததும் வழக்கம்போல் எல்லாரையும் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் உள்நாட்டுப் போரின் காலத்துக்குப் போய், ஒற்றைத் தம்பட்டத்தோடு, செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களின் வேகத்தில் அது வந்தபோது, கரையிலிருந்த ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

எப்சிபாவுக்கு மட்டும் அதில் நிம்மதி இல்லை. அவள் தினமும் ஒரு கோடு போட்ட நோட்டோடு கரைக்குப் போய், வந்ததை வந்தபடி ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக்கொண்டு வந்து, சமையலறை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்தாள். பாட்டு பழையதாவதோடு குறைந்துகொண்டும் போயிற்று. ஒரு நாள் ஒரு வளைவு இல்லை, மறுநாள் ஓர் அடுக்கு இல்லை. யாரோ ஒருத்தி வீட்டுக்கு வந்து நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பதுபோல் இருந்தது. சாப்பிடும்போது அவள் விரல் தட்டின் ஓரத்தில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது, தூங்கி எழுந்தால் தாடை வலித்தது.

ஒன்பதாம் நாள் ஜூன் இருபத்தெட்டு. நாலரைக்கு ஒரு பியானோ, பக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் ஆண் குரல். வரிகளை அடித்துத் திருத்துகிறவர்போல் ஒரே இடத்தை மூன்று முறை பாடினார். ஜொசையா விட்கம்தான் என்று கரை முழுவதும் எழுந்து நின்று கை தட்டிற்று. மார்ஜரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாட்டு தன் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, இனி நாலாம் தேதிவரை ஓய்வெடுக்கும் என்று எல்லாரும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டு போனார்கள்.

பத்தாம் நாளும் அது வந்தது. இந்த முறை சாராயக்கடையிலிருந்து வந்தது. மேசையைக் குத்துகிற கைகளும், குவளைகளும், படகுக்காரர்களின் கரகரத்த குரல்களுமாக, அதே மெட்டில், 'படகு வேணுமாம், படகு வேணுமாம், அக்கரைக்காரிக்குப் படகு வேணுமாம்' என்று பாடி, ஒவ்வொரு வரிக்கும் சிரித்தார்கள்.

விழாக்குழு அன்று மாலையே கூடிற்று. ஜொசையாவுக்கு முன்னாலேயே மெட்டு இருந்திருக்கிறதே என்று பத்திரிகைக்காரர் கேட்டார். எப்சிபாதான் எழுந்து, இந்த நாட்டின் பெரிய பாட்டுகள் பலவற்றுக்கும் மெட்டு எங்கிருந்தாவது வந்ததுதான், சாராயக்கடையிலிருந்து வந்தது, ஜெபக்கூட்டத்திலிருந்து வந்தது, கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜாவை வாழ்த்தியதிலிருந்துகூட வந்தது, அதில் கேவலம் ஒன்றுமில்லை என்று சொன்னாள். எல்லாரும் நிம்மதியானார்கள். இரண்டே நாளில் இரும்புக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் படகு வேணுமாம் என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள், தாய்மார்கள் முதல் நாள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள், மூன்றாம் நாள் தாங்களே காலால் தாளம் போட்டார்கள். அவள் மட்டும் அந்தச் சிரிப்புக்குத் தாளம் போடவில்லை.

"ஏங்க, இதக் கொஞ்சம் கேளுங்க" என்றாள் ஜூலை இரண்டாம் தேதி சாயங்காலம், வேலைவிட்டு வந்த ஜெயசிங்கை ஷூவைக்கூடக் கழற்றவிடாமல். "நேத்து ஒம்பது ஸ்வரம். இன்னைக்கு ஏழு. குரலும் ஒண்ணே ஒண்ணுதான். இப்படியே போனா நாலாந்தேதிக்கு மூணுதான் மிஞ்சும். இந்த மூணு."

அவள் பாடிக் காட்டினாள். கீழே ஒன்று, மேலே ஒன்று, மேலேயே நீண்டுகொண்டு போகிற ஒன்று.

ஜெயசிங் ஒரு ஷூவோடு நின்றபடி கேட்டான். "இன்னொரு வாட்டி பாடு" என்றான். பாடினாள். "எப்சி, இது பாட்டு இல்லட்டி. கூப்பாடு. ஆளக் கூப்பிடுத சத்தம். தூரத்துல நிக்கவனுக்குக் கேக்கணும்னா கடைசிய இப்படித்தான் இழுப்போம்."

அவள் நோட்டைப் பார்த்தாள். பதிமூன்று நாளாக எழுதியதெல்லாம் சட்டென்று வேறு கையெழுத்துபோல் தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மார்ஜரி அவளைக் குன்றின்மேல் இருக்கும் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினாள். நாளைக்கு மாநிலத் தொலைக்காட்சி வருகிறது, ஆறாயிரம் பேர் வருகிறார்கள், சரியாக நாலரைக்கு எல்லா ஒலிபெருக்கியையும் திறந்து, பித்தளை வாத்தியங்கள் முழுவதையும் வைத்து, ஆற்றிலிருந்து எது வந்தாலும் அமுங்கிப் போகிற மாதிரி நம் பாட்டை நடத்த வேண்டும் என்றாள். சொல்லும்போது அவள் ஆற்றைப் பார்த்த சமையலறை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததை எப்சிபா கவனித்தாள்.

"மிஸ் மார்ஜரி, அது ஒரு பொம்பள கூப்பிடுற சத்தம்" என்றாள்.

குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கிற்று.

"தெரியும்" என்றாள் கிழவி. "எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். கெண்டக்கியில அப்போ அடிமை முறை. தப்பிச்சு வர்றவங்கள ஏத்தினா படகுக்காரனுக்கு ஜெயில்னு புதுச் சட்டம். ஜொசையாதான் துறைக்கு வக்கீல். சட்டப்படி நடக்கணும்னு படகைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அது டிசம்பர், நாலரைக்கே இருட்டிடும், பனி வேற. மூணு நாள் அந்த நேரத்துக்கு அவ அக்கரையில நின்னு கூப்பிட்டா. முதல் நாள் சாராயக்கடையில எல்லாரும் பேசாம இருந்தாங்களாம். ரெண்டாம் நாள் கிண்டல் பண்ண ஆரம்பிச்சாங்க. நாலாம் நாள் சத்தம் இல்ல. அந்த வாரம்தான் அவர் பாட்டை எழுதினார்."

"விளக்கு?"

"விளக்கு எரிஞ்சது நிஜம். இதோ இந்த ஜன்னல்லதான். அதைப் பாத்துத்தான் அவ அங்கேயே நின்னிருக்கா." மார்ஜரி கைத்தடியின் தலையைப் பிடித்து முறுக்கினாள். "சாவி அவர் சட்டைப்பையில இருந்தது. எங்கப்பா சாகுறப்போ இதச் சொன்னார். நான் யார்கிட்டயும் சொல்லாம செத்துடலாம்னு இருந்தேன். நாளைக்கு அதை அமுக்கிடு எப்சி. முடியலன்னா கோலை இப்பவே குடுத்துட்டுப் போ, டிரம் அடிக்கிற பையன்கிட்ட குடுக்கிறேன்."

எப்சிபா கோலைக் கொடுக்கவில்லை. அமுக்குகிறேன் என்றும் சொல்லவில்லை. குன்றிலிருந்து இறங்கி வரும்போது கால் தன் இஷ்டத்துக்கு வேகமாகப் போயிற்று, வீட்டைத் தாண்டிப் போயிற்று, ஆஸ்பத்திரியைத் தாண்டி ஊரின் எல்லைப் பலகைவரை போய்த்தான் நின்றது. பதினாலு வருஷம் இந்த ஊரில் ஒருவரையும் முகம் சுளிக்க வைக்காமல் வாழ்ந்தாயிற்று, இந்த ஒரு கோலுக்காகத்தானா என்று அவள் தன்னையே கேட்டாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தாள்.

நாலாம் தேதி கரையில் புல்லே தெரியாத கூட்டம். பகல் முழுவதும் அணிவகுப்பு, சோளம், எலுமிச்சைச் சாறு, மேயரின் பேச்சு. நாலு இருபத்தெட்டுக்கு எப்சிபா நீலப் பட்டுப்புடவையில் மேடை ஏறினாள், நாற்பது பாடகர்களும் இருபது வாத்தியக்காரர்களும் அவள் கையைப் பார்த்தார்கள், முன்வரிசையில் மார்ஜரி அவள் முகத்தைப் பார்த்தாள். கோலைத் தூக்கினாள். மணி நாலரை.

வந்தது. மூன்றே ஸ்வரம். இந்தப் பதினைந்து நாளில் முதல்முறையாக அது ஆற்றின் நடுவிலிருந்து வரவில்லை, அக்கரையிலிருந்து வந்தது, வில்லோ மரங்களுக்கு நடுவிலிருந்து, இளைய குரலாக, தொண்டை கட்டிய குரலாக வந்தது. அதில் ராகம் ஒன்றுமில்லை, படகு என்ற ஒரு சொல் மட்டும் கடைசியில் இழுபட்டு இழுபட்டுத் தண்ணீரைத் தாண்டி வந்து கரையில் இடித்தது.

ஆறாயிரம் பேரில் ஒருவரும் இருமவில்லை. வாத்தியக்காரர்கள் உதட்டில் பித்தளையை வைத்தபடி காத்திருந்தார்கள்.

எப்சிபாவின் கை மேலேயே நின்றது. அதை இறக்கினால் பாட்டு தொடங்கிவிடும் என்பதால் அவள் இறக்காமல், தூக்கிய கையிலிருந்து மறு கையால் கோலை எடுத்து இசைத்தாள் ஸ்டாண்டின்மேல் வைத்தாள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் இறங்கினாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. வண்டிகளை ஏற்றி இறக்கும் தட்டைப் படகு, வாணவேடிக்கைக்காக அன்று சவாரி இல்லை என்று துறையில் சங்கிலியில் கிடந்தது. படகோட்டி வெர்னன், முப்பது வருஷமாக அதை ஓட்டுகிறவன், சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் எழுந்து நின்றிருந்தான்.

"வெர்னன், கூப்பிடுறாங்க" என்றாள்.

"கேட்டுது" என்றான். "இன்னைக்கு ஓட்ட அனுமதி இல்ல."

இரண்டாம் முறை குரல் வந்தது. வெர்னன் குனிந்து சங்கிலியை எடுத்தான்.

எப்சிபா படகில் ஏறிய பின்னாலேயே ஜெயசிங் எங்கிருந்தோ ஓடிவந்து ஏறினான், ஆஸ்பத்திரிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கரைக்கும் படகுக்கும் நடுவில் போட்ட ஏறுபலகையைத் தூக்கப் போகும்போது கைத்தடிச் சத்தம் கேட்டது. மார்ஜரி யாரையும் பார்க்காமல், யாரும் கைகொடுக்க இடம் தராமல், படகின் இரும்புத் தளத்தில் ஏறி, முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆற்றைக் கடக்க ஒன்பது நிமிஷம் ஆனது. நடு ஆற்றில் மூன்றாம் முறை கூப்பிட்டபோது மார்ஜரி அக்கரையைப் பார்த்து, "வர்றோம்" என்றாள். எழுபத்தாறு வயதுத் தொண்டையில் எவ்வளவு வருமோ அவ்வளவு.

அக்கரையில் யாரும் இல்லை. சேறு, மரவேர்கள், யாரோ எறிந்துவிட்டுப் போன ஒரு பிளாஸ்டிக் குவளை. வெர்னன் பலகையை இறக்கினான். காத்திருந்தார்கள். பிறகு பலகை ஒருமுறை மெல்ல அழுந்தி நிமிர்ந்தது, மறுபடி அழுந்தியது, மறுபடியும் மறுபடியும், வயதானவர்களின் நிதானத்தோடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டவர்களின் எச்சரிக்கையோடு. படகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. வெர்னன் எட்டிப்பார்த்து, பாரத்தின் அளவு காட்ட விலாவில் போட்டிருந்த வெள்ளைக்கோடு தண்ணீருக்குள் போயிருப்பதைக் கண்டான்.

"அவ மட்டும் இல்ல" என்றான் தணிந்த குரலில். "நாப்பது பேர் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

எப்சிபா கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள், அது ஈரமாக இருந்தது, அல்லது அவளுடையது. "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்று மார்ஜரி யாரிடமோ சொன்னாள். சொல்லிவிட்டுத் தானும் ஓரமாக ஒடுங்கி இடம் கொடுத்தாள். திரும்பி வரும்போது இன்ஜின் திணறிற்று. பதினாலு நிமிஷம் ஆயிற்று.

இக்கரையில் யாரும் ஏற்பாடு செய்யாமலே கூட்டம் நடுவில் பிளந்து, துறையிலிருந்து குன்றின் சாலைவரை அகலமான ஒரு பாதை விட்டு நின்றது. பலகை இறங்கிற்று, அழுந்தி நிமிர்ந்தது, வெள்ளைக்கோடு மேலே வந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்தப் பாதையில் ஒருவரும் காலை வைக்கவில்லை. வெயில் சாயும்வரை வைக்கவில்லை. பாட்டு பாடப்படாமலே அந்த விழா முடிந்தது, தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு பாதையைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள், மார்ஜரி மேடையேறி முந்தின நாள் சமையலறையில் எப்சிபாவிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு இறங்கினாள். சிலர் அவளுக்குக் கை கொடுத்தார்கள். சிலர் முகம் கொடுக்காமல் வண்டியை எடுத்தார்கள். அடுத்த வருஷம் யார் நடத்துவது என்று குழுவில் இன்னும் முடிவாகவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழக்கம் விடாமல் ஊர் முழுவதும் நாற்காலிகளோடு நாலேகாலுக்கே கரைக்கு வந்து உட்கார்ந்தது, எப்சிபாவும் நோட்டில்லாமல் வந்து உட்கார்ந்தாள். நாலரை ஆயிற்று. தண்ணீர் ஒன்றும் சொல்லவில்லை. நாலே முக்கால் ஆயிற்று. எழுந்து போகலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை, ஆளுக்கு ஆள் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, முதுகைச் சாய்க்காமல், அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு அங்கே தக்காளி ஏற்றிய ஒரு பழைய லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்து, படகு வருமா என்று ஒரு குரல் கொடுத்தான்.

கரையில் இருந்த முந்நூறு பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.